கையெழுத்துக்கு முதல் சில கேள்விகள்

"இன்னும் பெரியபிள்ளை ஆகாத பிள்ளைக்கு இந்த ஊசி என்னத்துக்கு?"

"போட்டால் பிறகு குழந்தை தங்காதாமே, உண்மையோ?"

"லண்டனிலை ஒரு பிள்ளை ஊசி போட்ட அண்டைக்கே செத்ததாம். மச்சாள் வைபரிலை அனுப்பினவ."

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து பாடசாலைக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்த கிழமையில், தரம் 6 படிக்கும் பெண்பிள்ளை உள்ள வீடுகளில் எழும் கேள்விகள் இவை. கோப்பாயிலும் எழும், சங்கானையிலும் எழும், வேலணையிலும் எழும். ஊசியின் பெயர் எச்.பி.வி. தடுப்பூசி. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் தடுக்க, 2017ஆம் ஆண்டிலிருந்து இலங்கைப் பாடசாலைகளில் 10, 11 வயதுச் சிறுமிகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்று தொடங்கிய திட்டம் அது.

இப்படிக் கேட்கிற தாய்மாரைத் தடுப்பூசிக்கு எதிரானவர்கள் என்று எண்ணினால் யாழ்ப்பாணத்தைத் தெரியாதவர்கள் ஆவோம். குடாநாட்டில் மின்சாரமே இல்லாத ஆண்டுகளிலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசி போட வரிசையில் நின்ற சமூகம் இது. போலியோ சொட்டு மருந்து கொடுப்பதற்காகச் சண்டையையே நிறுத்தி 'அமைதி நாட்கள்' கடைப்பிடிக்கப்பட்டதை 1990களில் பிள்ளை வளர்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப் பிள்ளை வளர்த்த அம்மம்மாமாரின் பேத்திகளுக்குத்தான் இப்போது இந்த ஊசி. தாய்மாரின் கேள்விக்கு அவர்கள் கேட்ட அளவுக்கே பதில் வேண்டும். ஊசிக்குப் பக்கவிளைவு உண்டா? உண்டு. என்ன, எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் ஒப்புதல் கடதாசியில் கையெழுத்து வாங்குவதற்கு முதலே தாய்க்குச் சொல்லப்பட வேண்டும்.

முதலில் நோய். இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆயிரம் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. வடக்கில் இந்த நோயாளர்கள் போய்ச் சேரும் இடம் தெல்லிப்பழை. 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் நீளத்துக்கு நடந்து நிதி திரட்டிக் கட்டப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலை அங்கே இருக்கிறது. அதற்கு முன் பலர் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஓடவேண்டியிருந்தது. போரில் பாதை பூட்டியிருந்த காலத்தில் அதற்கும் வழியில்லை. இந்த நோயின் கொடுமை, அது தொடக்கத்தில் நோவு காட்டாமல் வளர்வது. மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் படுவது, உறவுக்குப் பின் இரத்தம் படுவது, கெட்ட மணமுள்ள வெள்ளைபடுதல் என்று அறிகுறி தெரியும்போது பலருக்கு நோய் முற்றியிருக்கும். அதையும் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் பொறுத்திருப்பவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர்.

ஏறத்தாழ எல்லாக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் காரணம் எச்.பி.வி. என்ற வைரசு. இதைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரசில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே இந்தப் புற்றுநோயில் நூற்றுக்கு எழுபதுக்குக் காரணம். தடுப்பூசி முதன்மையாகக் குறிவைப்பது அவற்றைத்தான். ஊசிக்குள் இருப்பது வைரசு அல்ல, வைரசின் வெளி ஓட்டைப் போன்று மதுவத்தில் வளர்த்தெடுத்த வெறும் புரதம். உள்ளே மரபணு கிடையாது. ஆகவே ஊசியால் அந்தத் தொற்றோ புற்றுநோயோ வர வழியில்லை. புரதத்தோடு மிகச் சிறிய அளவு அலுமினிய உப்பும் சேர்க்கப்பட்டிருக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்புவது அதன் வேலை. சிறு குழந்தைகளுக்குப் போடும் முக்கூட்டு ஊசியிலும் இதே வகை உப்பு பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது.

இனிப் பக்கவிளைவு. அரை மில்லிலீற்றர் மருந்து மேற்கைத் தசையில் ஏறுகிறது. ஐந்து பேரில் நான்கு பேருக்குக் கை நோகும். இதைச் சின்ன விசயம் என்று சொல்லி மூடக்கூடாது. மற்ற ஊசிகளை விட இது கூடுதலாக நோகிறது என்று பிள்ளைகள் சொல்வது சரிதான். சிலருக்கு ஊசி ஏறிய இடம் சிவந்து வீங்கும். தலையிடி வரும், களைப்பு வரும், பத்தில் ஒருவருக்கு அளவில் காய்ச்சலும் வரலாம். ஒன்று இரண்டு நாளில் அடங்கும். வைத்தியர் சொன்ன அளவில் பனடோலும், இரவு நல்ல நித்திரையும் போதும்.

அடுத்தது மயக்கம். பெற்றோர் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். காரணம் விளங்கினால் பயம் பாதியாகும். பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். முன்னுக்கு நிற்பவள் "ஐயோ" என்று கத்துகிறாள். பின்னால் நிற்பவளுக்கு உள்ளங்கை வேர்க்கிறது. காலையில் அவசரத்தில் தேத்தண்ணியோடு வந்தவள், அல்லது வெள்ளிக்கிழமை என்று ஒன்றும் சாப்பிடாமல் வந்தவள். பயமும் நோவும் சேர்ந்து ஒரு நரம்பைத் தூண்ட, இதயத் துடிப்பு குறைகிறது, இரத்த அழுத்தம் சட்டென்று விழுகிறது, முகம் வெளிறிப் பிள்ளை சரிகிறாள். படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்தால் சில நிமிடத்தில் எழும்பிவிடுவாள். இதில் மருந்தின் பங்கு ஒன்றுமில்லை. வெற்று ஊசி குத்தினாலும் வரும், இரத்தம் எடுக்கும்போதும் வரும். பதின்ம வயதை நெருங்கும் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். உண்மையான ஆபத்து விழும்போது தலை சீமெந்துத் தரையில் அடிபடுவது. ஆகவேதான் இருத்தி ஊசி போடவேண்டும், போட்ட பிறகு குறைந்தது 15 நிமிடமாவது வாங்கிலேயே வைத்திருக்கவேண்டும் என்ற விதி.

ஒரு பிள்ளை விழுந்தால் அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் விழுவதும் நடக்கும். கொலம்பியாவில் எல் கார்மென் டி பொலிவார் என்ற ஊரில் 2014ஆம் ஆண்டு பல நூறு சிறுமிகள் இப்படி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தொலைக்காட்சிகளும் கைத்தொலைபேசி வீடியோக்களும் அந்தக் காட்சியை நாடு முழுவதும் பரப்பின. ஆய்வில் மருந்தில் குறை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நாட்டில் எச்.பி.வி. ஊசி போடுவோர் தொகை படுபாதாளத்துக்குப் போயிற்று. அந்தப் பிள்ளைகள் நடித்தார்கள் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது. அவர்களுக்கு உடல் நடுங்கியது உண்மை, மூச்சு முட்டியது உண்மை. கூட்டமாகப் பயந்த உடல்கள் அப்படித்தான் நடந்துகொள்ளும். எங்கள் பாடசாலைகளுக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது: வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு ஊசி போடும் இடம் தெரியக்கூடாது. ஒரு திரைச்சீலை போதும்.

மூன்றாவது, கடும் ஒவ்வாமை. அரிது, ஆனால் உயிராபத்து உள்ளது இது ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்புக் குழு 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, பத்து இலட்சம் ஊசிகளுக்கு ஏறத்தாழ இரண்டு பேருக்கு இது வரும். மயக்கத்தையும் இதையும் பிரித்தறிய வேண்டும். மயக்கத்தில் பிள்ளை வெளிறும், குளிர்ந்து வேர்க்கும், படுத்தால் தெளியும். ஒவ்வாமையில் உடம்பு தடித்துச் சிவக்கும், உதடும் கண்ணிமையும் வீங்கும், மூச்சு இழுக்கும், படுத்தாலும் தெளியாது. பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள்ளேயே தெரிந்துவிடும். அப்போது தொடையில் அட்ரினலின் ஊசி உடனே ஏறவேண்டும். இந்த ஊசியை முதற்தடவை போட்டபோது கடும் ஒவ்வாமை வந்த பிள்ளைக்கும், மதுவத்துக்குக் கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் இதைப் போடக்கூடாது. நல்ல காய்ச்சலோடு வந்த பிள்ளைக்குத் தள்ளிப்போட வேண்டும். இவற்றைக் கேட்டறிவது ஊசி போடுபவரின் கடமை, சொல்வது தாயின் கடமை. நெடுந்தீவுப் பாடசாலையில் ஊசி போடும் நாளை எண்ணிப் பாருங்கள். குறிகாட்டுவானுக்குப் படகில் சுமார் ஒரு மணித்தியாலம். அங்கே அவசர மருந்துத் தட்டில் அட்ரினலின் இருக்கிறதா என்பது யாழ். நகரில் கேட்பதை விடப் பத்து மடங்கு முக்கியமான கேள்வி.

சரி, நீண்டகால நோய்கள்? குழந்தைப்பேறு பற்றிய பயத்துக்கு நேரடியான பதில் இருக்கிறது. டென்மார்க்கில் ஏறத்தாழ பத்து இலட்சம் பெண்பிள்ளைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள், ஊசி போட்டவர்களுக்குச் சினைப்பை சீக்கிரமே செயலிழக்கிறதா என்று. 2021இல் வெளியான அந்த ஆய்வில் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கருப்பையை எடுக்கவைப்பது புற்றுநோய்தான். அந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு குழந்தை என்ற பேச்சே இல்லை. 'சாமத்தியப்படுவது பிந்துமா' என்ற பயத்துக்கும் ஆதாரம் எதுவும் இல்லை. பத்து, பதினொரு வயதில் சில பிள்ளைகள் ஊசிக்கு முன் பெரியபிள்ளை ஆவார்கள், சிலர் பின். பின்னால் நடந்ததெல்லாம் ஊசியால் நடந்ததாகத் தோன்றுவது இயல்பு.

நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோய் பற்றி ஒரு முரண் உண்டு. மறைக்காமல் சொல்லவேண்டும். 2015இல் பிரான்சில் 22 இலட்சம் சிறுமிகளைப் பற்றிய ஆய்வு, ஊசி போட்ட ஒரு இலட்சம் பேருக்கு ஒன்று அல்லது இரண்டு பேர் கூடுதலாக அந்த நோய்க்கு ஆளாகலாம் என்று சொன்னது. பின்னர் பிரித்தானியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஊசிகளைப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. படுக்கையை விட்டு எழும்போது தலைசுற்றிப் படபடப்பு வரும் நோய், தீராத கை கால் நோவு ஆகியவற்றை ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2015இல் தனியாக ஆராய்ந்து, ஊசியோடு தொடர்பில்லை என்று முடிவு சொன்னது. இவ்வளவையும் ஒரு தாய்க்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

லண்டன் மச்சாள் அனுப்பிய செய்திக்கு வருவோம். அது முழுப் பொய் அல்ல. 2009 செப்டெம்பரில் இங்கிலாந்தின் கொவென்றியில் 14 வயதுச் சிறுமி ஒருவர், பாடசாலையில் ஊசி போட்ட சில மணித்தியாலத்தில் இறந்தார். மறுநாள் உலகம் முழுவதும் தலைப்புச் செய்தி. சில நாட்களில் பிரேத பரிசோதனை முடிவு வந்தது: நெஞ்சுக்குள் எவருக்கும் தெரியாமல் வளர்ந்திருந்த பெரிய புற்றுக்கட்டி இதயத்தையும் நுரையீரலையும் பாதித்திருந்தது. இந்த இரண்டாவது செய்தி முதற் செய்தியின் பாதித் தூரம்கூடப் பயணிக்கவில்லை. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் யாழ்ப்பாணத்துக் கைத்தொலைபேசிக்கு வந்துசேர்வது முதற்பாதிதான்.

இந்தியாவில் நடந்தது இன்னும் சிக்கலானது. 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும், பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டன. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். விசாரித்தபோது நீரில் மூழ்கியது, பாம்பு கடித்தது, பூச்சிமருந்து குடித்தது, மலேரியா என்று காரணங்கள் வெளிவந்தன. மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணைக் குழு. ஆனால் அதே விசாரணை வேறொன்றைத் தோண்டி எடுத்தது. கம்மத்தில் பழங்குடிச் சிறுமிகள் பலர் விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். அவர்களின் ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். பக்கவிளைவைப் பதிவுசெய்யச் சரியான ஏற்பாடும் இருக்கவில்லை. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடும் சொற்களில் அறிக்கை எழுதியது. அந்தக் காயம் ஆறாமல், தேசியத் திட்டத்தில் இந்த ஊசியைச் சேர்ப்பதை இந்தியா பல்லாண்டு தள்ளிப்போட்டது. இதை எழுதும் எனக்குக் கம்மத்துத் தாய்மார் மீது கோபமே வரவில்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை. பிறகு அவர்கள் ஏன் நம்பவேண்டும்?

யப்பான் வேறு விதமாகத் தவறியது. 2013 ஏப்ரலில் ஊசியை வழமைத் திட்டத்தில் சேர்த்தார்கள். நடக்கமுடியாமல், கை கால் இழுத்து அவதிப்படும் சிறுமிகளைத் தொலைக்காட்சிகள் காட்டின. இரண்டே மாதத்தில், யூனில், அரசாங்கம் 'இனிப் பரிந்துரைக்க மாட்டோம்' என்று பின்வாங்கியது. தடை போடவுமில்லை, பாதுகாப்பானது என்று சொல்லவுமில்லை. நூற்றுக்கு எழுபது பேர் போட்ட ஊசி நூற்றுக்கு ஒருவருக்கும் கீழே போயிற்று. பாதிக்கப்பட்டதாகச் சொன்ன குடும்பங்களே கேட்டு, நாகோயா மாநகரம் ஓர் ஆய்வு நடத்தியது. ஏறத்தாழ முப்பதாயிரம் இளம்பெண்கள் பதிலளித்தார்கள். 24 அறிகுறிகளைப் பார்த்ததில் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகும் அரசாங்கம் அசையப் பல ஆண்டாயிற்று. 2022 ஏப்ரலில்தான் பரிந்துரை மீண்டது. 2013இலிருந்து 2019 வரையான அந்தத் தயக்கத்தின் விலை, அந்தப் பெண்களின் வாழ்நாளில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மரணங்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

ஊசி போட்ட நாடுகளில் என்ன ஆயிற்று? இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்ட பெண்களிடையே இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருப்பதாக 2021இல் கண்டார்கள். ஸ்கொட்லாந்தில் அந்த வயதில் ஊசி போட்டவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எங்கள் சொந்தங்களின் பிள்ளைகள் இதே ஊசியைப் பாடசாலையில் போட்டு வளர்ந்தவர்கள். மச்சாளிடம் கேட்கவேண்டிய கேள்வி, 'உங்கட மகளுக்குப் போட்டதோ?' என்பதுதான்.

இலங்கைக்கு இந்த விசயத்தில் சொந்த அனுபவம் இருக்கிறது. 2008 ஜனவரியில் குழந்தைகளுக்கான ஐங்கூட்டுத் தடுப்பூசி அறிமுகமானது. சில குழந்தைகள் இறக்க, ஏப்ரலில் நிறுத்தினார்கள். பழைய முக்கூட்டு ஊசிக்குத் திரும்பினார்கள். உள்நாட்டு, வெளிநாட்டு நிபுணர்கள் சேர்ந்து ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 2010இல் ஊசி மீண்டும் வந்தது. இடையில், 2009இல், மாத்தறையில் பாடசாலையில் ருபெல்லா ஊசி போட்ட பின் மாணவி ஒருவர் இறந்தது நாட்டையே உலுக்கியது. இவற்றில் எதையும் மறைக்காமல் எடுத்து ஆராய்ந்ததால்தான் இலங்கையின் தடுப்பூசித் திட்டம் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.

ஆனால் அந்த நம்பிக்கைக்கு அண்மையில் அடி விழுந்திருக்கிறது. 2023இல் வெளியான தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரமும், அதில் முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியில் கைதானதும் எல்லோருக்கும் தெரியும். எச்.பி.வி. ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் "அரசாங்கம் தாற மருந்தை எப்பிடி நம்புறது?" என்று ஒரு தாய் கேட்டால் அதைப் புரளி என்று தள்ளிவிட முடியாது. எந்த நிறுவனத்தின் மருந்து, எந்தத் தொகுதி, இரண்டு முதல் எட்டுப் பாகைக் குளிரில் பேணப்பட்டதா என்று அவர் கேட்டால், பொதுச் சுகாதார பரிசோதகர் பெட்டியைத் திறந்து காட்டத் தயாராக இருக்கவேண்டும்.

பேசாமல் விடப்படும் இன்னொன்றும் இருக்கிறது. இந்த வைரசு உடலுறவு வழியாகத் தொற்றுவது. "எங்கட பிள்ளையள் அப்பிடி இல்லை" என்ற பதிலில் எத்தனையோ உரையாடல்கள் யாழ்ப்பாணத்தில் முடிந்துபோகின்றன. ஒழுங்காகத் தாலி கட்டி, ஒருவரோடு மட்டும் வாழ்ந்த பெண்களும் தெல்லிப்பழை வாட்டில் படுத்திருக்கிறார்கள். கணவன் வழியாக வரும் வைரசுக்குப் பெண்ணின் ஒழுக்கம் தெரியாது. உலகில் பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்தத் தொற்றுக்கு ஆளாகிறார்கள். பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் உடலே அதைத் துரத்திவிடும். துரத்தாமல் தங்கிய சிலரில்தான் பத்து, இருபது ஆண்டு கழித்துப் புற்றுநோய். வைரசு உடம்புக்குள் வரும் முன் போட்டால்தான் ஊசி முழுப் பலன் தரும், அதோடு சின்ன வயதில் உடலின் எதிர்ப்பு வலுவாக எழும். பத்து வயது என்று வைத்தது அதனால்தான். ஊசி போட்டதால் பிள்ளைகளின் நடத்தை மாறுகிறதா என்று வெளிநாடுகளில் ஆராய்ந்துவிட்டார்கள், மாறவில்லை.

என்ன செய்யலாம்? ஊசிக்கு முதற்கிழமை தரம் 6 தாய்மாரைப் பாடசாலைக்குக் கூப்பிட்டு, குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் அரை மணித்தியாலம் இருந்து பேசினால் போதும். அப்பாமாரும் வரட்டும். மயங்கி விழலாம், கை நோகும், அரிதாக ஒவ்வாமை வரும் என்று அவர் வாயால் முதலே சொன்னால், மறுகிழமை ஒரு பிள்ளை மயங்கினாலும் ஊர் கலங்காது. யாழ். மாவட்டத்தில் கடந்த ஆண்டு எத்தனை ஊசி போட்டோம், எத்தனை பேருக்கு என்ன வந்தது என்று ஒரு பக்கத் தமிழ் அறிக்கையைப் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டவேண்டும். தடுப்பூசிக்குப் பின்னான பாதிப்புகளைப் பதிவுசெய்ய நாட்டில் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. ஊசிக்குப் பின் பிள்ளைக்கு எது நடந்தாலும், ஊசியால்தான் என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவித்துப் படிவம் நிரப்பச் சொல்லலாம். அது பெற்றோரின் உரிமை. ஊசி நாளன்று பிள்ளைக்குப் புட்டோ இடியப்பமோ வயிறு நிறையக் கொடுத்து அனுப்புங்கள். விரதத்தை இன்னொரு வெள்ளிக்கு வைக்கலாம்.

ஊசி எல்லா வகை வைரசுகளையும் மறிக்காது. ஆகவே 2017இல் முதன்முதலாகப் போட்டுக்கொண்ட பிள்ளைகளும் வளர்ந்து முப்பத்தைந்து வயதானதும் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். அதை விட அவசரம் இப்போது படிவத்தில் கையெழுத்திடும் தாயுடையது. தரம் 6 பிள்ளையின் தாய் பெரும்பாலும் முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில் இருப்பார். அவருக்கு இந்த ஊசி போடும் திட்டம் இல்லை. இருப்பது சுகவனிதையர் கிளினிக்: 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்தில் கலங்களைத் தொட்டெடுத்துப் பார்க்கும் பரிசோதனை. இலவசம், சில நிமிட வேலை, பெரும்பாலும் பெண் உத்தியோகத்தர்களே செய்கிறார்கள். மகளின் ஊசி பற்றிக் கேட்கும்போது, எங்கள் பகுதிக் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்பதையும் அதே குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளலாம்.